ஸ்கூல் இல்லாத ஒரு நாள், வீட்ல ரெண்டு பசங்க: காலைல இருந்து ராத்திரி வரைக்கும் என்ன செய்யலாம்?

நீங்க கேட்டது இதுதான்: பையன் ஒண்ணாவது, பொண்ணு நாலாவது, கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் வீட்ல இருந்துதான் படிக்கணும், காலைல 9ல இருந்து சாயங்காலம் 4 வரைக்கும் ஒரு டைம்டேபிள் போட்டுக் குடுங்க, வேற வேற கிளாஸ்ல இருக்கறவங்கள ஒண்ணா எப்படி உக்கார வைக்கிறது, நடுவுல எனக்கு ஆபீஸ் வேலையும் இருக்கு. நான் பதினாலு வருஷமா சின்ன கிளாஸ் பிள்ளைங்களுக்குத்தான் பாடம் எடுக்கறேன், என் சொந்தப் பிள்ளைங்கள வீட்ல உக்கார வெச்சு சொல்லிக்குடுக்கப் போய் நல்லா பல்பும் வாங்கியிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல அந்த 9 டு 4 டைம்டேபிள மறந்துடுங்க. நானும் போட்டவதான். சார்ட் பேப்பர்ல கலர் கலரா ஏழு பீரியட், நடுவுல இன்டர்வெல் வேற, ஸ்கேல் வெச்சு கோடெல்லாம் போட்டு சுவத்துல ஒட்டினேன். மொத நாள் பத்தே முக்காலுக்கு சின்னவ மேஜைக்கு அடியில போய் படுத்துட்டா, பெரியவன் பாத்ரூம் போறேன்னு போனவன் அரை மணி நேரமா வரல, நான் நடு ஹால்ல நின்னு கத்திட்டு இருந்தேன். ஸ்கூல்ல ஆறு மணி நேரம் இருக்காங்கன்னா ஆறு மணி நேரமும் படிக்கறாங்கன்னு அர்த்தம் இல்லங்க. அட்டெண்டன்ஸ், வரிசைல நில்லு, நோட்ட எடு, பென்சில் சீவிட்டு வா, அவன் என்னை கிள்ளிட்டான் மிஸ்னு ஒரு பஞ்சாயத்து, இதெல்லாம் கழிச்சுட்டுப் பாத்தா நிஜமா படிக்கற நேரம் ரொம்ப கம்மி. வீட்ல நீங்க பக்கத்துலயே உக்காரப் போறீங்க, அதனால ஒண்ணாவது பையனுக்கு நாள் முழுக்க சேத்து ஒரு மணி நேரம், நாலாவது பொண்ணுக்கு ஒன்றரைல இருந்து ரெண்டு மணி நேரம், இது தாராளம். அதுவும் ஒரே மூச்சா இல்ல, அவனுக்கு ஒரு தடவைக்கு 10, 15 நிமிஷம், அவளுக்கு 20, 25 நிமிஷம், அவ்ளோதான்.

வீட்ல நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, அத பலபேரு கவனிக்கறதே இல்ல. முப்பது பேர் இருக்கற கிளாஸ்ல எனக்கு விடைய மட்டும்தான் பாக்க நேரம் இருக்கும், ரைட்டு போடுவேன், தப்பு போடுவேன், அடுத்த நோட்டு. அந்த விடைக்கு பிள்ளை எப்படி போச்சு, எந்த இடத்துல வழி தப்புச்சுன்னு உக்காந்து பாக்க வீட்லதான் முடியும். அத விட்டுட்டு நாப்பது ஒர்க் ஷீட்ட பிரிண்ட் எடுத்துக் குடுத்து சாயங்காலம் டிக் போடறதுன்னா அதுக்கு வீடே தேவையில்ல. கீழ நான் சொல்றது எல்லாமே இத வெச்சுத்தான்.

காலைல மொதல் வேலை கஷ்டமானது எதுவோ அதுவா இருக்கட்டும், முக்காவாசி வீட்ல அது வாசிப்பு இல்லன்னா கணக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு படுத்த பிள்ளைய காலைல உக்கார வெச்சு ஒண்ணும் நடக்காது, 6ல இருந்து 12 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 9ல இருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும்னு அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2016ல சொன்னதுதான் இப்ப எல்லாரும் எடுத்துக்கற கணக்கு. லீவு மாதிரி இருக்குன்னு படுக்கற நேரத்த விட்டுட்டீங்கன்னா மறுநாள் காலை போச்சு.

சின்னவனோட வாசிப்புக்கு வரேன். தமிழ்ல 247 எழுத்துன்னு சொல்லியே பிள்ளைங்கள பயமுறுத்தி வெச்சிருக்கோம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம், கூட்டினா 247 வரும், கணக்கு சரிதான். ஆனா அந்த 216ம் 216 தனித்தனி எழுத்து இல்ல, 18 எழுத்துமேல கொம்பும் காலும் சுழியும் மாத்தி மாத்தி போடறதுதான், இகர உகர வரிசைல மட்டும் எழுத்துக்கு எழுத்து உருவம் கொஞ்சம் மாறும். அதனால அவன் எங்க தடுக்கறான்னு மட்டும் பாருங்க. "கொடி"னு எழுதிக் காட்டி வாசிக்க சொல்லுங்க. நிறைய பிள்ளைங்க "கெ... ர... டி"ம்பாங்க. உடனே "டேய் இதுகூடவா தெரியல"னு ஆரம்பிச்சிடாதீங்க, அவன் செஞ்சதுல ஒரு நியாயம் இருக்கு. இடப்பக்கத்துல இருந்து போறான், கொம்பும் க-வும் சேந்தா கெ, அது அவனுக்கு தெரியும், படிச்சுட்டான். மிச்சம் ஒரு கால் நிக்குது, அது பாக்க ர மாதிரியே இருக்கு, அதையும் படிச்சுட்டான். க-வுக்கு ரெண்டு பக்கமும் நிக்கறது சேந்து ஒரே சத்தம்னு அவனுக்கு யாரும் காட்டல.

இதுக்கு பழைய காலண்டர் அட்டை போதும். க, த, ப, ச, ந தனித்தனி அட்டை, ஒத்தக்கொம்பு ஒரு அட்டை, ரெட்டைக்கொம்பு ஒண்ணு, கால் ஒண்ணு. க-வை நடுவுல வைங்க, இடப்பக்கம் கொம்பு வைங்க, கெ. இப்ப வலப்பக்கம் காலை மெதுவா நகத்திட்டு வாங்க, அது வந்து ஒட்டினதும் வாய் குவியுது பாரு, கொ. காலை எடுத்தா மறுபடி கெ. ரெட்டைக்கொம்புல அதேமாதிரி கே, கோ. பத்து தடவ அவன் கையாலயே நகத்தட்டும், அப்புறம் கொடி, தொடு, சொல், நொடி, பொம்மை, அஞ்சே வார்த்தை, அன்னிக்கு அதோட முடிஞ்சுது. ஒரு விஷயம், அவன் திணறும்போது வார்த்தைய எடுத்துக் குடுக்க நாக்கு துடிக்கும், மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. பாதி நேரம் நாலுலயே அவனே சொல்லிடுவான், நாமதான் ரெண்டுலயே சொல்லிக்குடுத்து கெடுத்துடறோம்.

நாலாவது படிக்கற பொண்ணுக்கு வாசிப்பு வேற மாதிரி. அவளுக்கு எழுத்து தெரியும், ஆனா ல ள ழ, ர ற இதுல எழுத்துப்பிழை வரும். இத நூறு தடவ இம்போசிஷன் எழுத வெச்சு யாருக்கும் சரியானதா நான் பாத்ததில்ல. கண்ணாடி முன்னாடி நிக்க வைங்க. ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்கு பின்னாடி தொடும், ள-வுக்கு நாக்கு மடிஞ்சு மேலண்ணத்துல தொடும், ழ-வுக்கு இன்னும் மடங்கும் ஆனா எங்கயும் ஒட்டாது. பல்லி, பள்ளி, கிளி, கிழி, இப்படி ஜோடி ஜோடியா சொல்ல சொல்லி, நாக்கு எங்க இருக்குன்னு அவளே கண்டுபிடிச்சு சொல்லணும். சொல்லத் தெரிஞ்சா எழுத வந்துரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ர ற எல்லாம் பேச்சுல பெரும்பாலும் ஒண்ணாவே போயிடுச்சு, அது படிச்சு படிச்சு கண்ணுக்குப் பழகினாத்தான் வரும். ஆனா ழ பிரச்சனை இதுல பாதி தீரும்.

அப்புறம் அவ ஒரு பக்கம், ஒன்றரை பக்கம் படிக்கட்டும், பாடப் புத்தகமோ கதையோ எதுவா இருந்தாலும் சரி. படிச்சதும் புத்தகத்த மூடிட்டு தம்பிகிட்ட போய் சொல்லணும். கேள்வி பதில் எல்லாம் வேணாம், சொன்னா போதும். இது சும்மா பொழுதுபோக்கு இல்லங்க, 2006ல ரோடிகர், கார்பிக்கினு ரெண்டு பேர் செஞ்ச சோதனை ஒண்ணு இருக்கு, ஒரு பகுதிய திரும்பத் திரும்ப படிச்சவங்க, ஒரு தடவ படிச்சுட்டு பாக்காம ஞாபகப்படுத்தி எழுதினவங்கனு பிரிச்சுப் பாத்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி, ஒரு வாரம் கழிச்சு கேட்டப்போ தலைகீழா மாறிடுச்சு. அது காலேஜ் பசங்கள வெச்சு செஞ்சதுதான், ஆனா சின்னப் பிள்ளைங்க கிட்டயும் நான் தினமும் பாக்கறது அதேதான். மூடி வெச்சுட்டு சொல்லும்போது திக்கித் திணறுவா, அந்த திணறல்தான் வேலை செய்யுது, உதவிக்குப் போகாதீங்க.

கணக்கு. பொண்ணுக்கு ஒரே ஒரு கணக்கு குடுங்க, 402ல இருந்து 178 கழி. விடை 224. ஆனா 376னு வந்து நிப்பா, வராம இருந்தா சந்தோஷம், ஆனா என் கிளாஸ்ல வருஷா வருஷம் இந்த 376 வரும். எப்படி வருதுன்னு பாருங்க: 2ல 8 போகாது, சரி 8ல 2 போனா 6. 0ல 7 போகாது, அப்ப 7. 4ல 1 போனா 3. எங்கயும் கவனக்குறைவு இல்ல, "பெரிய எண்ல இருந்து சின்ன எண்ண கழிக்கணும்"னு எப்பவோ நாமதான் சொல்லிக்குடுத்தோம், அத ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒழுங்கா செஞ்சிருக்கா. இதுக்கு "கவனமா போடு"ன்னா அடுத்த கணக்கையும் அதே மாதிரி கவனமாத்தான் போடுவா.

பேப்பர கிழிச்சு 100னு எழுதினது நாலு, 10னு எழுதினது ஒரு பத்து பன்னெண்டு, 1னு எழுதினது ஒரு இருபது செஞ்சுக்கோங்க. அவகிட்ட நாலு 100, ரெண்டு 1 குடுத்துட்டு "எனக்கு எட்டு குடு"ன்னு கைய நீட்டுங்க. ரெண்டுதான் இருக்கும். பத்த உடைக்கலாம்னா பத்தே இல்ல. முழிப்பா, முழிக்கட்டும். கொஞ்ச நேரத்துல ஒரு நூற எடுத்து "இத மாத்திக் குடும்மா"ன்னு கேப்பா, பத்து பத்தா குடுங்க, அதுல ஒரு பத்த மறுபடி பத்து ஒண்ணா மாத்துவா. இப்ப அவ முன்னாடி மூணு நூறு, ஒம்பது பத்து, பன்னெண்டு ஒண்ணு இருக்கும். நோட்டுல அந்த சைபர் மேல 9னு எழுதறாங்கல்ல, அந்த 9 எங்க இருந்து வந்துச்சுன்னு பல பெரியவங்களுக்கே தெரியாது, அவ கண்ணு முன்னாடி வந்து உக்காந்திருக்கும். கடைசில 376 கூட 178 கூட்டிப் பாக்க சொல்லுங்க, 554 வரும், 402 எங்க போச்சுன்னு அவளே சிரிப்பா.

அவ அத செய்யற நேரம் பையனுக்கு பத்து பட்டன், ஒரு டம்ளர். கொஞ்சத்த டம்ளருக்கு அடியில ஒளிச்சுட்டு "மூணு வெளிய இருக்கு, உள்ள எத்தன?" பத்துக்குள்ள இருக்கற ஜோடிங்க எல்லாம் விரல் எண்ணாம வாயில வர்ற வரைக்கும் வேற எந்தக் கூட்டலுக்கும் அவசரமே இல்ல, பின்னாடி எல்லா கணக்கும் இதுமேலதான் நிக்குது. அவன் "ஏழு"ன்னதும் "எப்படிடா கண்ணா கண்டுபிடிச்ச?"னு கேளுங்க, சரியா சொன்னாலும் கேளுங்க. தப்பா சொன்னா மட்டும் எப்படின்னு கேட்டா "எப்படி"ன்னாலே தப்புன்னு பிள்ளைங்க புரிஞ்சுக்கும்.

இதுக்கு மேல உக்கார மாட்டாங்க, வெளிய விடுங்க. 5 வயசுல இருந்து 17 வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷமாவது நல்லா மூச்சு வாங்கற மாதிரி ஓடி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. குதிச்சுக்கிட்டே அஞ்சு, பத்து, பதினஞ்சுனு எண்ண சொல்லலாம், சொல்லாமலும் விடலாம், எல்லாத்துலயும் பாடத்த நுழைக்கணும்னு இல்ல.

ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வைக்கறதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது சாவி ஊசல். ஒரு நூலு, ஒரு சாவி, ஸ்டாப்வாட்ச்சுக்கு உங்க போன். மேஜை விளிம்புல நூலை டேப் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துல இருந்து சாவி நடு வரைக்கும் 25 செமீ இருக்கற மாதிரி தொங்க விடுங்க. லேசா ஒரு பக்கம் இழுத்து விடணும், தள்ளக்கூடாது. போய் திரும்பி வந்தா ஒண்ணு, அப்படி பத்து. தம்பி எண்ணணும், அக்கா நேரம் பாக்கணும். பத்து செகண்ட் வரணும், மொத தடவ பெரும்பாலும் ஒம்பதுதான் வரும், ஏன்னா சின்னவன் கைய விடும்போதே "ஒண்ணு"ம்பான். விடும்போது சைபர்னு நாம சொல்லிடலாம்தான், ஆனா அக்காவும் தம்பியும் சண்ட போட்டு அவங்களே கண்டுபிடிச்சா அன்னிக்கு பெரிய பாடமே அதுதான்.

அடுத்து, ரெண்டு சாவி கட்டினா வேகமா ஆடுமா? ஆடவிடறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் தன்னோட யூகத்த பேப்பர்ல எழுதிடணும், இல்லன்னா முடிவு தெரிஞ்சதும் "நான் அப்பவே நெனச்சேன்"னு சொல்லிடுவாங்க. கனமா இருந்தா வேகமா போகும்னு எழுதுவாங்க. அதே பத்து செகண்ட் வரும். ரெண்டாவது சாவிய மொத சாவிக்கு பக்கத்துலயே கட்டணும், அதுக்கு கீழ தொங்க விட்டீங்கன்னா நீளம் மாறி எல்லாம் குழம்பிடும், நான் குழம்பியிருக்கேன். அப்புறம் நூலை 1 மீட்டர் ஆக்குங்க, மேஜை உயரம் பத்தாது, கதவு நிலைல ஒட்டுங்க. இருபது செகண்ட். நாலு மடங்கு நீளமாக்கினோம், நேரம் ரெண்டு மடங்குதான் ஆச்சு, இத பொண்ணு கவனிச்சா கவனிக்கட்டும், பார்முலா எல்லாம் இப்ப வேணாம். இந்த ஊசல வெச்சுத்தான் 1656ல ஹைகன்ஸ்னு ஒருத்தர் கடிகாரம் செஞ்சாருன்னு சொன்னா போதும், போன் இல்லாம நேரம் பாத்தாங்களானு அரை மணி நேரம் கேள்வி வரும்.

மத்தியானம் ஒண்ணும் வேணாம். சாப்பிட்டுட்டு ஒரு ஒன்றரை மணி நேரம் அவங்க இஷ்டம். "போரடிக்குது"ம்பாங்க, அடிக்கட்டும். வீடியோ பாக்கற நேரம் இருந்தா அதையும் இங்க வெச்சுக்கோங்க, படிப்பு வீடியோன்னாலும் வீடியோ வீடியோதான்.

சாயங்காலம் எழுத்து. சின்னவன் இன்னிக்கு நடந்தத ரெண்டு மூணு வரில சொல்லட்டும், அவன் சொன்னத அப்படியே நீங்க எழுதுங்க, "சாவி சும்மா சும்மா ஆடுச்சு"ன்னா அப்படியே, திருத்தாதீங்க. தன் வாயில வந்தது பேப்பர்ல இருந்தா அத அவன் பத்து தடவ படிப்பான், அதுல ஒரு வரிய பாத்து எழுதினா அன்னிக்கு கையெழுத்தும் முடிஞ்சுது.

பொண்ணுக்கு, சட்டை மடிக்கிறது எப்படின்னு எழுத சொல்லுங்க, அவ எழுதினத அட்சரம் பிசகாம நீங்க செய்யணும். என் பையன் மொத வரி எழுதினான், "சட்டைய விரிச்சு போடு." நான் தரையில விரிச்சேன், குப்புற. "இல்லம்மா, முன்பக்கம் மேல"ன்னான், எழுதுடான்னேன். ரெண்டாவது வரி "கைய உள்பக்கம் மடக்கு." நான் என் கைய மடக்கிட்டு நின்னேன். சின்னவ உருண்டு உருண்டு சிரிக்கறா, அவன் கோவமா பென்சில எடுத்து "சட்டையோட ரெண்டு கையையும்"னு அடிச்சு எழுதினான். கட்டுரைக்கு முன்னுரை முடிவுரை எழுத சொல்லி வர்ற தெளிவ விட இதுல வர்றது ஜாஸ்தி, ஏன்னா தப்பா எழுதினா என்ன ஆகும்னு எதிர்லயே நடக்குது.

படம் வரையறது, ஒட்டறது, பாட்டு எல்லாம் நான் தனியா எழுதல, அதுக்கு உங்க யோசனையே போதும்.

உங்க ஆபீஸ் வேலை. மொத்தமா உங்க பக்கத்துல தேவைப்படறது காலைல ஒரு ஒண்ணேகால் மணி நேரம், சாயங்காலம் ஒரு அரை மணி நேரம், அதுக்கு தோதா மீட்டிங்க தள்ளி வெக்க முடிஞ்சா பாருங்க. மத்த நேரத்துக்கு, ஏற்கனவே தெரிஞ்ச வேலைய மட்டும் குடுங்க, புதுசா ஒண்ண குடுத்துட்டு ஆபீஸ் போன் கால்ல உக்காந்தீங்கன்னா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ கதவு தட்டும். பட்டன் ஆட்டம் நேத்து கத்துக்கிட்டானா, இன்னிக்கு அக்காவும் அவனும் ஆடலாம். ஆனா அக்காவ டீச்சர் ஆக்கிடாதீங்க, பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா அவ ஸ்கேல எடுத்துடுவா, அவளோட படிப்பும் அதுல போயிடும். போன்ல பேசும்போது நாற்காலி மேல ஒரு சிவப்புத் துணி, துணி இருந்தா ரத்தம் வந்தா மட்டும் கூப்பிடணும்னு எங்க வீட்டு சட்டம், ஓரளவுக்கு நடந்துச்சு.

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கொ எழுத்த ஒரு தடவ, சாவி விஷயத்த ஒரு தடவ வாயால கேளுங்க, ரெண்டு நிமிஷம். படிச்சது எவ்ளோ சீக்கிரம் மறக்குதுன்னு 1885லயே எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன் உளவியல் அறிஞர் தன்னையே வெச்சு அளந்து எழுதிட்டாரு, அதனால ஒரே நாள்ல இருபது கழித்தல் போட்டு முடிச்சுடலாம்னு நினைக்காதீங்க. நாளைக்கு ஒண்ணு, மூணு நாள் கழிச்சு ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணு. நாளைக்கு 503ல இருந்து 267 குடுங்க, 236 வரணும். பேப்பர் துண்ட கண்ணுல படற மாதிரி மேஜை ஓரத்துல வெச்சுடுங்க, ஆனா நீங்களா எடுத்துக் குடுக்காதீங்க, அவளுக்கு வேணும்னா அவளே எடுத்துக்குவா, எடுக்காம போட்டான்னா எப்படி போட்டான்னு மட்டும் கேளுங்க.